பெட்டி திறக்கும் வரை

வீட்டு முன்னறையில் ஒரு கம்பியூட்டரை வைத்துக்கொண்டு ஊராருக்கு டைப் அடித்துக் கொடுக்கிற தொழிலில், டைப் அடிப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, பெட்டி திறக்கும் வரை வந்தவரைக் கதையில் வைத்திருப்பது.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு பெட்டி இருந்தால் நான் விளக்கத் தேவையில்லை. பட்டனை அமத்தினால் முதலில் ஒரு இரைச்சல். பிறகு கறுப்புத் திரை. பிறகு ஒரு வட்டம் சுழலும். சுழன்றுகொண்டே இருக்கும். வந்தவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். நீங்கள் மழையைப் பற்றிக் கேட்பீர்கள், பிள்ளைகளின் சுகம் கேட்பீர்கள், கடைசியில் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் தேத்தண்ணி ஊத்தப் போவீர்கள். நானும் அப்படித்தான். எத்தனை தேத்தண்ணி!

நான் ஓ.எல். சோதனை எழுதி அதோடு படிப்பை நிறுத்தியவள். கலியாணத்துக்கு முன் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன பழக்கம் கையில் இருந்தது. மகன் அஸ்மி கட்டாருக்குப் போகும்போது அவன் படித்த கம்பியூட்டரை வீட்டில் விட்டுப் போனான். பிள்ளைகளின் வாப்பா மௌத்தாகி நான் தனியான பிறகு அதில் தமிழ் அடிக்கப் பழகினேன். இப்போது சாய்ந்தமருதில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து ‘டைப் ராத்தா வீடு’ என்றால் யாரும் காட்டுவார்கள்; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். பெட்டிக்கு நானே தைத்துப் போட்ட பூப்போட்ட உறையைப் பார்த்துவிட்டுப் பாராட்டாமல் போனவர்கள் குறைவு.

தொண்ணூற்றொன்பதுக்கு மேல்

பெட்டி நல்லாயிருந்த காலத்தில், பிஸ்மில்லாஹ் சொல்லிப் பட்டனை அமத்திவிட்டுத் தஸ்பீஹ் மணியை எடுத்தால், சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று முடியமுன் திறந்துவிடும். பிறகு அல்ஹம்துலில்லாஹ்வும் முடிந்தது. பிறகு அல்லாஹு அக்பரும் சேர்ந்து தொண்ணூற்றொன்பது. போன நோன்புக்குப் பிறகு முழு மணியையும் இரண்டு தரம் சுற்றிவர வேண்டியதாயிற்று. அதுமட்டுமில்லை, பதினொன்றரை பன்னிரண்டு மணியானால் தானாக அணைந்துபோகவும் தொடங்கியது. லுஹர் தொழுதுவிட்டு வந்து போட்டால் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும். வயது போன சீவன், பகலில் களைக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் அந்த நேரத்தில் அப்படித்தானே.

ஒருநாள் மீராலெவ்வை சேர் பென்சன் கந்தோருக்கு ஒரு கடிதம் அடிக்க வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். நான் மணி உருட்டுவதைப் பார்த்து, “என்ன புள்ள ஓதுறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். மனிதர் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, விரல் மடித்துத் தானும் ஓதத் தொடங்கினார். திரையில் படம் வந்தபோது அவர் நூறு தரம் பாவமன்னிப்புக் கேட்டு இஸ்திக்ஃபார் முடித்திருந்தார். நான் வெட்கப்பட்டு, “கெதியா இதத் திருத்தணும் சேர், ஆக்களக் காக்க வைக்கக் கூடா” என்றேன். அவர் பதறிப்போனார்.

“திருத்திப்போடாதீங்க புள்ள! எங்கட வீட்டில என்னய இவ்வளவு நேரம் ஆரும் சும்மா இருக்க விடுறல்ல.”

வெள்ளிக்கிழமை மசூரா

எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் மசூரா இல்லாமல் நடக்காது. ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு எல்லோரும் இருந்து கலந்துபேசுவோம். அந்த வெள்ளிக்கிழமை பேசவேண்டிய காரியம் கம்பியூட்டர். கட்டாரிலிருந்து அஸ்மி போனில் வந்தான். அவனைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்தோம்.

“உம்மா, அந்தப் பெட்டியக் குப்பையில போடுங்க. நான் லெப்டொப் அனுப்புறன்” என்றான் அவன். “புதுசு என்னத்துக்கு மச்சான், ரேம் ஒண்டப் போட்டாச் சரி” என்றார் மருமகன். அவருக்கு ரேம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் கந்தோரில் யாரோ போட்டு நல்லாயிருக்கிறதாம். மகள் சிஹானா ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை அடுக்கினாள். அவள் ஆசிரியை. அவள் வாய் திறக்காமல் இருந்தால் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

“ரேமும் வேணாம், லெப்டொப்பும் வேணாம்” என்றாள் கடைசியில். “உம்மாக்குத்தான் ஓய்வு வேணும். கண் நோகுது, முதுகு நோகுது. எத்தனை நாளைக்கு இந்த ஊர்ட கடிதமெல்லாம் உம்மா எழுதுற? நிப்பாட்டுங்க.”

அவள் சொன்னது அன்பில். எங்கள் பக்கத்தில் மகள் கலியாணம் முடித்தால் வீடு மகளுக்கு. இது சிஹானாவின் வீடு. மனதார எழுதிக்கொடுத்தேன், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முன்னறையில் அந்த மேசை மட்டும் என்னுடையது. காலையில் ஒருவர் வந்து “ராத்தா இரிக்காவா?” என்று கேட்டால், அது என்னைத்தான். மேசையும் போனால், அடுப்படிக்கும் தொழுகைப் பாய்க்கும் நடுவில் நடந்துதிரிகிற ஒரு ஆள் நான். இதை எப்படி மகளிடம் சொல்வது? சொல்லவில்லை. “ஒரு ஆள்ட காரியமாவது என்ட பெட்டியால கெட்டுப்போனா அண்டைக்கே நிப்பாட்டுறன் மகள்” என்று மட்டும் சொன்னேன். “வாக்குத்தானே?” என்றாள். “ஓம்” என்றேன். சலவாத் ஓதி மசூராவை முடித்தோம். அப்போதுதான் வாசலோரக் கதிரையில் ஒரு பெண் இருப்பது எங்கள் கண்ணில் பட்டது. மாளிகைக்காட்டிலிருந்து கடிதம் எடுக்க வந்தவள், மசூரா தொடங்கியதிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள்.

“எனக்கும் புது லெப்டொப்தான் நல்லமெண்டு படுது ராத்தா. இப்ப அந்தக் கடிதத்தத் தாங்களன், பஸ் போகப்போகுது.”

கடையில் சுகமான நோயாளி

மசூராவில் முடிவு வராததால், கம்பியூட்டர் திருத்துகிற ஜவ்பரிடம் காட்டுவோம் என்று போனேன். கல்முனையில் சின்னக் கடை. நாற்பது வயதிருக்கும், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் கூட. வெளியே கொண்டுபோகிற சாமான் என்று உறையைக் கழற்றித் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, பெட்டியை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். குலுங்கும்போதெல்லாம் கையால் அணைத்துக்கொண்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்காத குறை.

ஜவ்பர் அதைக் காலையில் போட்டுப் பின்னேர அஸர் தொழுகை வரை ஓடவிட்டார். ஒருதரம்கூட அணையவில்லை. நான் நோய்க்குறி சொல்லச் சொல்ல, பெட்டி இரைச்சல்கூட இல்லாமல் மரியாதையாக இருந்தது. டொக்டருக்கு முன்னால் காய்ச்சல் இறங்கிப்போகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாய்மாருக்கு என் நிலைமை விளங்கும். திறக்கச் சுணங்குவதை மட்டும் அவர் ஒத்துக்கொண்டார். “பழைய டிஸ்க் தேஞ்சு போச்சு. புது வகையில ஒண்டு போட்டா ரெண்டு நிமிசமும் எடுக்கா. அல்லாட்டி ரேம் கூட்டலாம். அல்லாட்டி முழுசாப் புதுசு. யோசிச்சுச் சொல்லுங்க” என்று ஒரு கலியாணக் கார்ட்டின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதித் தந்தார். அணைகிற நோய்க்கு மருந்து அவருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பித் தூக்கி ஓட்டோவில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“இது உங்கட வீட்டில மட்டும்தான் மயங்குது ராத்தா. என்ன செய்யிறீங்க இத?”

கீரி மீன்

மூன்று வழி. மூன்று பேர் மூன்று சொல். மனிதரிடம் கேட்டு முடிந்தது, இனி அல்லாஹ்விடம் கேட்போம் என்று இஸ்திகாரா தொழுதேன். கம்பியூட்டருக்கு இஸ்திகாராவா என்று சிரிக்காதீர்கள். செருப்பு வார் அறுந்தாலும் அவனிடம்தான் கேட்கவேண்டும் என்று படித்திருக்கிறோம். டிஸ்க் செருப்பைவிடப் பெரிய சாமான்.

மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரம் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிற பல்கீஸ் ராத்தா அன்றைக்குத் தன் துணிகளுக்கு விலைத்துண்டு அடிக்க வந்தார். என்னைவிட மூத்தவர், நெடுநாள் பழக்கம். பெட்டி உறைக்குத் துணி தந்ததும் அவர்தான், நல்ல மொத்தமான துணி. வாய்தவறி இஸ்திகாரா விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உடனே, “என்ன கனவு கண்ட?” என்று கேட்டார். கனவு தேவையில்லை, மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் போதும் என்று மௌலவி சொல்லியிருக்கிறார் என்றேன். “அது மௌலவிக்கு. நீ என்ன கண்ட?” விடவில்லை. கண்டது ஒரு கூடை கீரி மீன். முதல்நாள் சந்தையில் வாங்க நினைத்து வாங்காமல் வந்தது, அவ்வளவுதான். பல்கீஸ் ராத்தா கண்ணை இடுக்கி யோசித்தார்.

“கீரி சின்ன மீன். அப்ப சின்னச் சாமான்தான் போடணும். சுறாவக் கண்டிருந்தா லெப்டொப் வாங்கச் சொல்லியிருப்பன்.”

வட்டவிதானையின் மனு

என் மனதும் டிஸ்க் பக்கம் சாய்ந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து போட்டுத் தருவதாக ஜவ்பர் சொன்னார். அந்த வாரத்துக்குள்தான் கந்தையா அண்ணன் வந்தார். நற்பிட்டிமுனைக்காரர், அங்கே ஒரு வயல்வெளிக்கு வட்டவிதானை, அதாவது விவசாயிகள் தண்ணீர்க் காரியம் பார்க்கத் தெரிவுசெய்த ஆள். பெரும்போக விதைப்புக்கு நாள் நெருங்கியிருந்தது. வாய்க்கால் கட்டு உடைந்து கிடந்தது. அன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு நீர்ப்பாசனக் கந்தோரில் கூட்டம். “இந்தக் கூட்டத்தில மனு குடுக்காட்டி இந்தப் போகம் எங்களுக்குப் போச்சு தங்கச்சி” என்றார். கையில் பதினான்கு விவசாயிகளின் பெயர்கள் எழுதிய கசங்கிய தாள்.

அவசரத்தில் சேவ் பண்ண மறந்துவிட்டேன். இரண்டாம் பக்கம் பாதியில் பெட்டி அணைந்தது. திரும்பப் போட்டு, மணியை இரண்டு தரம் சுற்றி, முதலிலிருந்து அடித்தேன். கந்தையா அண்ணனும் தன் முறைக்குப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டாம் தரமும் அணைந்தது. மூன்றாம் தரம் பெட்டி எழும்பவே இல்லை. லுஹர் பாங்கு சொன்னது. பிளக்கை மாற்றிச் செருகினேன், யா அல்லாஹ் என்றேன், தட்டினேன்கூட. டைப் அடிக்கிற மற்றக் கடைகளையும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் பூட்டிவிட்டார்கள்.

அழ நேரமில்லை. பேரப்பிள்ளையின் கொப்பியில் கிழிக்காமல் நல்ல நீளத்தாள் எடுத்து, அடிமட்டத்தால் ஓரம் போட்டு, பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய எழுத்தில் மூன்று பக்கமும் கையால் எழுதினேன். பதினான்கு பெயரையும் ஒன்றின்கீழ் ஒன்றாக. அவர் அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனார். டைப் அடிக்காத மனுவைக் கந்தோரில் யார் மதிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மகள் பள்ளி விட்டு வந்ததும் நானே சொன்னேன்: “மகள், இண்டைக்கு ஒரு மனிசன்ட காரியம் என்ட பெட்டியால கெட்டுப்போச்சு. நான் நிப்பாட்டுறன்.” நான் எதிர்பார்த்ததைப்போல் சிஹானா சந்தோசப்படவில்லை. பையைக்கூட இறக்காமல் நின்றாள். நான் மேசையைத் துடைத்து, உறையை இழுத்துச் சரிசெய்து, தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அஸர் தொழுது ஸலாம் கொடுக்கும்போது வாசலில் சைக்கிள் மணி. மகள்தான் முதலில் போனாள். கூட்டத்துக்கு வந்த மனுக்களை எல்லாம் எஞ்சினியர் ஐயா ஒரு கட்டாகக் கட்டச் சொன்னாராம். கையால் எழுதிய ஒன்று நடுவில் தெரிய, இழுத்தெடுத்துப் பார்த்தாராம். நாளைக்கே உடைந்த வாய்க்கால் கட்டைப் பார்க்க ஆள் அனுப்புவதாக எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம். கந்தையா அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

“டைப் அடிச்சதெல்லாம் கட்டுக்குள்ள போச்சு தங்கச்சி. உங்கட கையெழுத்தத்தான் ஐயா எழும்பி நிண்டு வாசிச்சவர்.”

நோன்பில் கம்பளி

டைப் அடிக்கிற தொழிலுக்கு இதைவிட ஒரு அவமானம் இல்லை. ஆனாலும் எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வாக்கு என்னவாகும் என்று மகளைப் பார்த்தேன். அவள் சட்டம் தெரிந்தவள். “காரியம் கெடல்லயே உம்மா. பெட்டிதான் கெட்டுது” என்றாள். அவ்வளவுதான். மேசை தப்பியது.

சொன்ன நாளில் ஜவ்பர் டிஸ்க்கோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி முன்னறைக்குள் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ராத்தா, இது என்ன?” உறை என்றேன், பெருமையாக. கடல் எங்களுக்கு ஒரு ஒழுங்கைத் தூரம். உப்புக்காற்று ஆணியைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். அதனால் எங்கள் ஊரில் பிளக் உள்ள எந்தச் சாமானுக்கும் உறை உண்டு: டீவிக்கு, பிரிஜ்ஜுக்கு, தையல் மெஷினுக்கு. நான் பெட்டிக்குச் சுற்றிவர இறுக்கமாக, மருதமுனைத் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, பட்டனுக்கு மட்டும் ஒரு வட்டம் வெட்டித் தைத்திருந்தேன். போன நோன்புப் பெருநாளைக்குப் புதிதாகத் தைத்தது, பழையது மெல்லிசு என்று.

“இத எப்ப கழட்டுவீங்க?” “துவைக்கக்குள்ள.” “ஓடக்குள்ள?” “ஓடக்குள்ளதானே தூசி போகும்?” ஜவ்பர் கதிரையில் இருந்துவிட்டார். உறையைத் தூக்கி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் கை வைத்தார். இட்லிப்பானை மூடியைத் திறந்ததுபோல் சூடு. பின்பக்கத்து ஃபேனில் துணிநூல் சுற்றிக் கிடந்தது. அத்தனை மசூரா, இஸ்திகாரா, கீரி மீன், கட்டார்ப் போன் எல்லாம் எனக்கு ஒருதரம் ஞாபகம் வந்துபோயிற்று. அந்தச் சீவனைக் களைக்க வைத்தது வயதல்ல, என் அன்பு.

“நோன்பு நாளையில கம்பளியப் போத்திக்கொண்டு பகல் முழுக்க ஓடிப்பாருங்க ராத்தா, நீங்களும் பன்னிரண்டு மணிக்கு விழுவீங்க.”

வரிசையில் ஒரு கஸ்டமர்

டிஸ்க் மாற்றி, ஃபேனைத் துப்புரவாக்கி, பழைய கடிதங்களை எல்லாம் புதியதில் ஏற்றித் தந்தார். இப்போது வேலை முடிந்து அணைத்து, சூடு ஆறிய பிறகுதான் உறை. அடுத்த நாள் பட்டனை அமத்தி மணியை எடுத்தேன். சுப்ஹானல்லாஹ் பதினொன்றில் திறந்துவிட்டது. அணையவும் இல்லை. மீராலெவ்வை சேர் வந்து, கதிரையில் சாயமுன் திரை வந்துவிட்டதைக் கண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அஸ்மியும் சொன்ன சொல்லை விடவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் லெப்டொப் அனுப்பிவிட்டான். மெல்லியது, அழகானது. முதலில் என் கை தையல் பெட்டிக்குத்தான் போனது, சிஹானா பிடித்துக்கொண்டாள். “இது எனக்கிரிக்கட்டும் உம்மா, நீங்க உங்கட பெட்டியோட இரிங்க” என்று பள்ளிக்கு எடுத்துப் போனாள். இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம், முன்னறையில் இரண்டு பேர் காத்திருக்க, மூன்றாவது கதிரையில் வந்து இருந்தாள் என் மகள். கையால் எழுதிய சோதனை வினாத்தாள், ஐந்து பக்கம். லெப்டொப்பில் தமிழ் அடிக்க அவளுக்கு ஒரு வரிக்கு ஒரு தேத்தண்ணி நேரம் போகிறதாம். நாளைக்கு அதிபருக்குக் கொடுக்கவேண்டுமாம்.

“என்ன மகள், என்னய ஓய்வெடுக்கச் சொன்னீங்களே?” என்றேன், மணியை உருட்டிக்கொண்டே. அவள் முன்னால் இருந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“ஓய்வ நாளையிண்டைக்கு எடுங்க உம்மா, இண்டைக்கு இத அடிச்சுத் தாங்க.”

முன்பு பெட்டி திறக்கும் வரை நான் தஸ்பீஹ் எண்ணினேன், இப்போது என் தஸ்பீஹ் முடியும் வரை திறந்த பெட்டியும் வரிசையில் என் மகளும் காத்திருக்கிறார்கள். திருத்த வேலை நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.